இறக்கைப் படமும் இனப்பெயரும்: திருச்செங்கோட்டு ஆட்டுப்பட்டிகளில் கியூலிக்காய்ட்ஸ்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த வாரங்களில், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து மேச்சேரி ஆடுகளுக்குக் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் மூக்கொழுக்கும் கண்டால் நீலநாக்கு நோயை ஐயுறுவது முறை. அதைப் பரப்புவது கொசுவினும் சிறிய, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள கியூலிக்காய்ட்ஸ் என்ற கடிஈ. 1944இல் தென்னாப்பிரிக்காவில் ஆய்வாளர் டு டோயிட் இதை நிறுவினார். தமிழ்நாட்டு நோய்ப்பரவலை முன்வைத்து, இந்தியக் கியூலிக்காய்ட்ஸ் இனங்களை ஆராயும் தேவையை 2006இல் ‘கரண்ட் சயின்ஸ்’ கட்டுரை ஒன்று வலியுறுத்தியது. இனமறியும் வேலையை இன்று ஒளிப்படத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்ற கருத்து வலுக்கிறது. ஆனால் படம் இனக்குழுவைக் காட்டும், இனத்தைக் காட்டாது. ஆகவே பூச்சியின் உடல் பாதுகாக்கப்படாத படத்தை இனப்பதிவாக ஏற்கலாகாது என்பதே என் வாதம்.

இறக்கையின் வெளிர்ப்புள்ளிகளும் கரும்பட்டைகளுமே முதல் அடையாளம். ஆனால் பூச்சி அமர்ந்திருக்கையில் இரண்டு இறக்கைகளும் வயிற்றின்மேல் ஒன்றன்மேலொன்று படிந்து கிடக்கும். மேலிறக்கையின் புள்ளி கீழிறக்கையின் பட்டையோடு கலந்து, இரண்டிலும் இல்லாத ஒரு கோலம் படத்தில் விழும். இறக்கையைக் கழற்றி, ஸ்லைடில் விரித்து, அடியிலிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த படமே ஒப்பீட்டுக்கு உதவும். அத்தகைய படத்தில், ஆக்சிஸ்டோமா அடங்கிய ஷுல்ட்ஸி குழுவையும் இமிகோலா அடங்கிய அவாரிட்டியா துணைப்பேரினத்தையும் பழகிய கண் பிரித்துவிடும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள இறக்கை இவ்வளவு சொல்வதே பெரிது. குழுவுக்குள் இனங்களைப் பிரிக்க, கண்களின் இடைவெளி, உணர்கொம்புக் கணுக்களில் உணர்குழிகள் அமைந்த முறை, பெண்பூச்சியின் விந்துப்பைகள் ஆகியவை வேண்டும். விந்துப்பை உடலுக்குள் இருப்பது. உடலைத் தெளியவைத்து நுண்ணோக்கியில் வைத்தாலன்றித் தெரியாது. 2006இல் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனியில், இமிகோலா இல்லாத நிலத்தில், நீலநாக்கு பரவியபோது ஐயம் ஆப்சோலிட்டஸ் குழுவின்மேல் விழுந்தது. அக்குழுவின் ஆப்சோலிட்டஸ், ஸ்காட்டிகஸ் பெண்பூச்சிகளை இறக்கையைக் கொண்டு நம்பகமாகப் பிரிக்க இயலாமல் மரபணுச் சோதனையை நாட வேண்டியிருந்தது. பூச்சியியல் மரபு வேரூன்றிய ஐரோப்பாவிலேயே நிலை இது.

கணினிக்கு இறக்கைப் படங்களைப் பழக்கினால் இக்குறை தீராதா என்று கேட்கலாம். விரித்த இறக்கைகளில் அது விரைந்து தரம்பிரிக்கும். வல்லுநர் அருகியுள்ள நாட்டில் அது பெரும் உதவி என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் தனக்குப் பழக்காத இனத்தை, தெரிந்தவற்றுள் மிக ஒத்ததன் பெயரால் அது அழைக்கக்கூடும். உடல் கையில் இல்லையென்றால் அப்பிழையைத் திருத்த வழியே இல்லை. தடுப்பூசி இருக்க இனப்பெயர் எதற்கு என்ற மறுப்பு இன்னும் கனமானது. 2015இல் இந்தியாவில் வந்த தடுப்பூசி, நீலநாக்கு வைரஸின் ஐந்து வகைகளுக்கானது. உலகில் அறியப்பட்டவையோ 24க்கும் மேல். எனவே ஈயைக் குறைப்பதும் வேண்டும், அங்குதான் இனம் முடிவைத் தீர்மானிக்கிறது. ஆக்சிஸ்டோமாவின் புழுக்கள் குளம், வயல் ஓரச் சேற்றில் வளர்கின்றன. இமிகோலாவுக்கு வேண்டியது சாணம் கலந்த ஈரமண்; நீரில் மூழ்கினால் அதன் கூட்டுப்புழு மிதக்காமல் இறக்கும். முன்னதாயின் ஏரிக்கரையைப் பார்க்க வேண்டும். பின்னதாயின் தண்ணீர்த் தொட்டி கசிந்து நனைக்கும் பட்டித் தரையை.

ஆகவே இவ்வட்டாரத்தில் விளக்குப்பொறி வைப்போர் இறக்கைப் படத்தோடு அதே பூச்சியின் உடலையும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் இட்டு, ஊர், நாள், பட்டியின் கால்நடை ஆகியவற்றைச் சீட்டில் எழுதி, இரண்டுக்கும் ஒரே எண் தர வேண்டும். அது இல்லாதவிடத்துப் பதிவேட்டில் ‘ஷுல்ட்ஸி குழு’ என்று எழுதி நிறுத்துவதே நேர்மை.