விண்கலம் இறங்குவதைக் கண்டவர்கள்: கடல், வறண்ட ஏரி, ஓடுபாதை

மனிதரின் விண்வெளிப் பயணத்தை ஆராய்ந்த நூல்கள் பெரும்பாலும் ஏவுதலைக் காணத் திரண்ட கூட்டங்களைப் பற்றியே பேசுகின்றன; திரும்பிவரும் கலத்தைக் காணக் காத்திருந்தவர்களைப் பற்றி அவை அரிதாகவே பேசுகின்றன. இதற்குக் காரணம் உண்டு. ஏவுதளம் இடம் மாறாதது, ஏவும் நாளும் பல வாரங்களுக்கு முன்பே அறிவிக்கப்படுவது. விண்ணிலிருந்து மீளும் கலமோ தொடக்க ஆண்டுகளில் பல நூறு கிலோமீட்டர் பரப்பில் எங்கு வேண்டுமானாலும் இறங்கக்கூடியதாக இருந்தது. எந்த இடத்தில் இறங்கும் என்று சொல்ல முடியாத ஒன்றைக் காணக் கூட்டம் கூடுவதற்கு வழியில்லை. ஆகவே, தரையிறக்கத்தைப் பொதுமக்கள் நேரில் கண்ட வரலாறு என்பது அடிப்படையில் இறங்குமிடம் சுருங்கிச் சுருங்கி ஓர் ஓடுபாதையின் அளவுக்கு வந்த வரலாறே என்பதும், ஆபத்து மிக்க அந்த நிமிடங்களை மக்கள் கண்முன் நிகழவிட அரசுகள் எந்த அளவுக்கு முன்வந்தன என்பது அதனோடு பிரிக்க முடியாமல் பிணைந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமிக்குத் திரும்பியபோது அதைக் கண்டவர்கள் தற்செயலாக அங்கே இருந்தவர்கள்தாம். சோவியத் ஒன்றியத்தின் சராத்தோவ் வட்டாரத்தில், ஸ்மெலோவ்கா என்னும் சிற்றூருக்கருகே வயலில் இருந்த ஒரு வனக்காவலரின் மனைவியும் அவருடைய பேத்தியுமே, செம்மஞ்சள் நிற உடையும் வெள்ளைத் தலைக்கவசமும் அணிந்து வந்த அம்மனிதரை முதலில் எதிர்கொண்டார்கள். வஸ்தோக் கலம் மெதுவாகத் தரையைத் தொடும் வகையில் அமைக்கப்படவில்லை. எனவே சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் ககாரின் இருக்கையோடு வெளியே வீசப்பட்டுத் தனிப் பாராசூட்டில் இறங்கினார். ஆனால் பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பின் அன்றைய விதிப்படி, சாதனை ஏற்கப்பட வேண்டுமானால் விமானி தம் கலத்துக்குள்ளேயே இருந்து இறங்கியிருக்க வேண்டும் என்பதால், அவர் தனியே இறங்கிய செய்தி பல ஆண்டுகள் அதிகாரபூர்வமாக மறைக்கப்பட்டது. உலகத்துக்குச் சொல்லப்படாததை அந்த வயல்வெளியில் இருந்தவர்கள் அறிந்திருந்தார்கள் என்பது, நேரில் காண்போரின் சாட்சியம் அரசுக்கு ஏன் கவலை தரக்கூடியது என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது.

அமெரிக்கா கடலைத் தேர்ந்தெடுத்தது. விழும் வேகத்தைத் தண்ணீர் ஓரளவு தாங்கிக்கொள்ளும் என்பதும், தேடுவதற்குக் கடற்படை இருந்தது என்பதும், குறி தவறினாலும் ஊர்கள் மீது விழாது என்பதும் அத்தேர்வுக்கான காரணங்கள். குறி தவறவே செய்தது: 1962 மே 24 அன்று ஸ்காட் கார்ப்பென்டரின் மெர்குரிக் கலம் குறித்த இடத்தைத் தாண்டிச் சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது, அவர் மிதவையில் ஏறி மீட்பவர்களுக்காகக் காத்திருக்க, அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே சிறிது நேரம் நாட்டுக்குத் தெரியாமல் இருந்தது. மெர்குரிக் கலம் வளிமண்டலத்துக்குள் எறியப்பட்ட கல்லைப் போல விழுந்ததே இதற்குக் காரணம். அது இறங்கும் வழியில் தன் பாதையைத் திருத்திக்கொள்ள இயலாது. அடுத்து வந்த ஜெமினிக் கலத்தில் எடையின் மையம் நடுக்கோட்டிலிருந்து சற்றே விலக்கி வைக்கப்பட்டிருந்ததால், காற்றில் பாயும்போது சிறிதளவு தூக்குவிசை பிறந்தது; கலத்தைப் புரட்டி அவ்விசையின் திசையை மாற்றுவதன் மூலம் இறங்குமிடத்தை ஓரளவு தேர்ந்துகொள்ள முடிந்தது. 1965 டிசம்பர் 16 அன்று ஜெமினி 6ஏ கலம் குறித்த இடத்துக்கு மிக அருகில் அட்லாண்டிக்கில் விழுந்தபோது, வாஸ்ப் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து செயற்கைக்கோள் வழியாக மீட்புக் காட்சிகள் முதன்முறையாக நேரலையில் ஒளிபரப்பாயின. துல்லியம் கூடிய பிறகே காட்சி பிறந்தது என்ற தொடர்பு இங்கே தெளிவாகத் தெரிகிறது. எனினும் நேரில் கண்டவர்கள் கப்பலில் இருந்த மாலுமிகளும் செய்தியாளர்களும் மட்டுமே. 1969 ஜூலை 24 அன்று அப்போலோ 11 திரும்பியபோது பசிபிக் கடலில் ஹார்னெட் கப்பலில் ரிச்சர்ட் நிக்சன் காத்திருந்தார் என்றால், அதற்கு அவர் குடியரசுத் தலைவராக இருக்க வேண்டியிருந்தது.

சோவியத் கலங்கள் தொடர்ந்து நிலத்திலேயே இறங்கின. கசக்ஸ்தானின் ஸ்டெப்பி எனப்படும் மரமற்ற புல்வெளியில், தரைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் சிறு ராக்கெட்டுகள் எரிந்து வேகத்தைத் தணிக்க, சோயுஸ் கலங்கள் இறங்குகின்றன. தேடும் ஹெலிகாப்டர்க் குழுவினரும் சில வேளை மேய்ச்சல்காரர்களுமே அங்கே பார்வையாளர்கள். 1984 ஏப்ரலில் இந்திய விண்வெளி வீரர் ராகேஷ் சர்மா திரும்பியதும் இப்படியே.

இறங்குமிடத்தை ஓடுபாதையாகச் சுருக்கும் முயற்சி நடந்த இடம் கலிபோர்னியாவின் மொகாவே பாலைவனம். அங்கே எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தை ஒட்டிக் கிடக்கும் ராஜர்ஸ் வறண்ட ஏரி சுமார் 114 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள களிமண் சமவெளியாகும். குளிர்கால மழையில் தேங்கும் தண்ணீரைக் காற்று முன்னும் பின்னும் தள்ள, களிமண் கரைந்து வெடிப்புகளை நிரப்பி மட்டமாகி, கோடையில் காய்ந்து கல்போல் இறுகிவிடுகிறது. மனிதர் போட்ட எந்த ஓடுபாதையும் ஆண்டுதோறும் தன்னைத் தானே இப்படிச் செப்பனிட்டுக்கொள்வதில்லை. 1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர் ஒலியின் வேகத்தைக் கடந்தபின் இறங்கியதும் இந்த ஏரிப்படுகையில்தான். 1960களிலும் 70களிலும் இறக்கையில்லாமல் உடலின் வடிவத்தாலேயே தூக்குவிசை பெறும் சோதனைக் கலங்கள் இங்கே பறந்தன. அவற்றுள் எக்ஸ்-24பி என்னும் கலத்தை 1975 ஆகஸ்டில் ஜான் மான்கி எஞ்சின் உந்துதல் இன்றி ஏரிப்படுகையில் அல்லாமல் சிமென்ட் ஓடுபாதையிலேயே இறக்கிக் காட்டினார். எஞ்சின் இல்லாத கலத்தை விரிந்த பாலைவனத்தில் மட்டுமல்ல, குறித்த ஒரு கீற்றிலும் இறக்கலாம் என்பது அன்று நிறுவப்பட்டது; பின்னால் கூடிய பெருங்கூட்டங்களுக்கு அடிகோலிய நிகழ்ச்சி இதுவே எனலாம், ஆயினும் அதற்குரிய இடம் பொதுநினைவில் அதற்குக் கிடைக்கவில்லை.

விண்ணோடம் என்பது ராக்கெட்டைப்போல் ஏறி, சுற்றுப்பாதையில் கலமாக இயங்கி, இறக்கையுள்ள கிளைடராக, அதாவது எஞ்சின் உந்துதலின்றி மிதந்திறங்கும் விமானமாகத் திரும்பும் ஊர்தி. 1977 ஆகஸ்ட் 12 அன்று எண்டர்பிரைஸ் என்ற சோதனை ஓடம் போயிங் 747 விமானத்தின் முதுகிலிருந்து விடுவிக்கப்பட்டு, பிரெட் ஹேய்ஸ், கோர்டன் புல்லர்ட்டன் இருவரும் ஓட்ட, ஐந்து நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் ஏரிப்படுகையில் இறங்கியதைப் பல்லாயிரவர் நேரில் கண்டார்கள். ஆனால் அது விண்ணிலிருந்து வந்த கலமன்று. விண்ணிலிருந்து வந்த ஒன்று முன்கூட்டியே அறிவித்த இடத்தில், காத்திருக்கும் மக்கள்முன் இறங்கியது 1981 ஏப்ரல் 14 அன்றுதான்.

ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் இருவரையும் ஏற்றிக்கொண்டு கொலம்பியா என்ற விண்ணோடம் புறப்பட்டது ஏப்ரல் 12, ககாரின் பறந்து சரியாக இருபது ஆண்டுகள் நிறைந்த நாள். விண்ணோடத்தை ஆளில்லாமல் முதலில் அனுப்பிச் சோதிக்கவில்லை என்பதும், வெப்பத்தைத் தாங்கச் சுமார் 31,000 சிலிக்கா ஓடுகள் ஒட்டப்பட்டிருந்த அதன் உடலில் பின்புறத்தே சில ஓடுகள் கழன்றுபோயிருந்தது சுற்றுப்பாதையிலிருந்து வந்த படங்களில் தெரிந்தது என்பதும் கூட்டத்தின் மனநிலையைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை. முந்திய நாள்களிலிருந்தே கார்களிலும் வேன்களிலும் வந்து ஏரியின் கிழக்குக் கரையில் கூடாரமிட்டுத் தங்கியவர்கள் உட்பட இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே திரண்டிருந்ததாக மதிப்பிடப்பட்டது. அவர்கள் ஒரு காட்சிக்காக மட்டும் வரவில்லை. இரு மனிதர் உயிரோடு திரும்புவார்களா என்ற கேள்விக்கு விடை காண வந்திருந்தார்கள்.

கரையில் நின்றவர்களுக்குக் கண்ணால் காணக் கிடைத்தது கடைசிச் சில நிமிடங்களே. இறங்குவதற்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன், பூமியின் மறுபக்கத்தில், ஓடம் வால்புறம் முன்னே வரத் திரும்பிச் சுற்றுப்பாதை எஞ்சின்களை எரித்து வேகத்தைச் சிறிதே குறைத்துக்கொள்ளும். அதன்பின் மீண்டும் சுற்றுப்பாதைக்குச் செல்ல வழியில்லை. மணிக்கு 28,000 கிலோமீட்டருக்கு அருகிலான வேகத்தில் காற்றில் புகுந்தபோது சுற்றிலும் எழுந்த அயனிப்படலம், அதாவது வெப்பத்தால் மின்னேற்றம் பெற்ற காற்றுறை, வானொலித் தொடர்பை ஒரு கால்மணி நேர அளவுக்குத் துண்டித்தது. தொடர்பு மீண்ட பிறகும் கலம் கண்ணுக்குத் தெரியவில்லை. முதலில் வந்தது ஓசை: ஒலியை மிஞ்சிய வேகத்தில் வரும் கலத்தின் மூக்கும் வாலும் தனித்தனியே எழுப்பும் அதிர்வலைகள் இரண்டு முழக்கங்களாக அடுத்தடுத்துத் தரையை அடைந்தன. அதன் பிறகே வெண்புள்ளியொன்று தெரிந்து, பயணிகள் விமானம் சுமார் 3 பாகைச் சரிவில் இறங்குவதற்கு மாறாக ஏறத்தாழ 20 பாகைச் செங்குத்தில் சரிந்து, கடைசி நொடிகளில் மூக்கை நிமிர்த்தி, மணிக்கு சுமார் 340 கிலோமீட்டர் வேகத்தில் ஏரிப்படுகையைத் தொட்டு, புழுதி எழுப்பியபடி சுமார் 2,740 மீட்டர் ஓடி நின்றது. எஞ்சின் இல்லாததால் மறுமுறை வட்டமடித்து முயலும் வாய்ப்பே அதற்கு இல்லை என்பதை அறிந்து பார்த்தவர்களுக்கு அந்த நொடிகள் எவ்வளவு கனத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கலத்தைச் சுற்றி நச்சு எரிபொருள் ஆவி கசிகிறதா என்று பணியாளர்கள் ஆராய்ந்து முடிக்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன்பின் இறங்கிவந்த யங், கலத்தின் அடியில் நடந்து ஓடுகளைத் தாமே பார்வையிட்டார்.

அடுத்த ஆண்டு மழை இதே ஏரியை நனைத்துவிட்டதால், மூன்றாம் பயணம் 1982 மார்ச் 30 அன்று நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஜிப்சம் படுகையில் முடிந்தது. புழுதிக் காற்றால் ஒரு நாள் தாமதமான அந்த இறக்கத்துக்குப் பின் கலமெங்கும் வெண்தூள் புகுந்திருந்தது, அவ்விடம் மீண்டும் பயன்படவில்லை. நான்காம் பயணம் அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4 அன்று எட்வர்ட்ஸில் முடிந்தபோது குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகனுடன் சுமார் ஐந்து இலட்சம் பேர் காத்திருந்ததாக மதிப்பிடப்பட்டது. விண்கலம் ஒன்று இறங்குவதைக் காணக் கூடிய கூட்டங்களில் இதற்கு ஈடானது பின்னர் அமையவில்லை. இங்கே அரசு, தரையிறக்கத்தை மறைக்கவேண்டிய ஆபத்தாகக் கருதாமல் தேசிய விழாவாகவே ஆக்கிக்கொண்டது. சோவியத்தின் புரான் ஓடம் 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல், கணினியின் கட்டுப்பாட்டில் மட்டுமே, பலத்த குறுக்குக் காற்றுக்கிடையே பைக்கனூரில் துல்லியமாக இறங்கியது. தொழில்நுட்பத்தில் பெருஞ்சாதனையான அதைக் காணப் பொதுமக்களுக்கு அந்த மூடிய வளாகத்தில் இடமே இருக்கவில்லை. துல்லியம் மட்டும் கூட்டத்தை உண்டாக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எட்வர்ட்ஸில் இறங்கிய ஓடத்தை 747 விமானத்தின் மேலேற்றிப் புளோரிடாவுக்குக் கொண்டுசேர்க்க ஏறத்தாழ ஒரு வாரமும் பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட செலவும் ஆனதால், கென்னடி விண்வெளி மையத்தில் 4,572 மீட்டர் நீளமும் 91 மீட்டர் அகலமும் கொண்ட ஓடுபாதை அமைக்கப்பட்டிருந்தது. 1984 பிப்ரவரி 11 அன்று சேலஞ்சர் அங்கே முதன்முறை இறங்கியது. 1985 ஏப்ரலில் டிஸ்கவரியின் சக்கரம் வெடித்தபின் தரையிறக்கங்கள் ஏரிப்படுகைக்கே திரும்பின; 1990களில் புளோரிடாவே மீண்டும் வழக்கமான இறங்குமிடம் ஆனது. 133 தரையிறக்கங்களில் 78 கென்னடியிலும் 54 எட்வர்ட்ஸிலும் ஒன்று ஒயிட் சாண்ட்ஸிலும் நிகழ்ந்தன. இடமாற்றம் கூட்டத்தின் இயல்பையே மாற்றியது. புளோரிடாவின் ஓடுபாதை சதுப்பும் காடும் சூழ்ந்த பாதுகாப்பு வளாகத்துக்குள் இருந்தது. அருகில் நின்றவர்கள் பயணிகளின் குடும்பத்தினரும் அலுவலர்களும் செய்தியாளர்களும். வானிலை நொடிக்கு நொடி மாறும் அக்கடற்கரையில், எஞ்சினை எரிப்பதா வேண்டாமா என்ற முடிவு இறங்குவதற்குச் சற்று முன்னரே எடுக்கப்பட்டதால், தொலைவிலிருந்து வருவோர் நம்பிப் புறப்பட முடியவில்லை. அருகிலுள்ள டைட்டஸ்வில் போன்ற ஊர்களின் மக்களுக்கு விண்ணோடத்தின் வருகை பெரும்பாலும் சன்னல்களை அதிரவைக்கும் இரட்டை முழக்கமாகவே அறிமுகமாகியிருந்தது.

2003 பிப்ரவரி 1 அன்று காலை 9.16 மணிக்கு இறங்கவேண்டிய கொலம்பியாவுக்காக அந்த ஓடுபாதையோரம் ஏழு குடும்பத்தார் காத்திருந்தார்கள். ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அக்கலத்தில் இருந்தார். ஏவும்போது கழன்று மோதிய நுரைத்துண்டால் இடது இறக்கையின் முன்விளிம்பு உடைந்திருந்தது. மீள்நுழைவின்போது அதன் வழியே புகுந்த வெப்ப வளிமம் இறக்கையை உள்ளிருந்து அழிக்க, டெக்சஸ் மாநிலத்துக்கு மேலே, 60 கிலோமீட்டர் உயரத்தில், கலம் சிதைந்தது. அன்று ஓடுபாதையில் இருந்தவர்கள் எதையும் காணவில்லை, எதையும் கேட்கவில்லை. கண்டவர்கள் மேற்கு மாநிலங்களில் விடியலுக்கு முன்னே எழுந்து, வானத்தைக் கடக்கும் ஒளிக்கோட்டைப் படம்பிடிக்க நின்ற ஆர்வலர்கள். அவர்கள் எடுத்த காணொளிகளை ஒன்றுசேர்த்தே, கலத்திலிருந்து துண்டுகள் கலிபோர்னியாவுக்கு மேலேயே உதிரத் தொடங்கின என்பதை விசாரணை வாரியம் உறுதிசெய்தது. ககாரினைக் கண்ட வயல்வெளிச் சாட்சியத்தை அரசு மறைத்தது என்றால், நாற்பதாண்டுகளுக்குப் பின் சாதாரண மக்களின் சாட்சியம் அரசின் விசாரணைக்கே ஆதாரமாயிற்று. இவ்வரலாற்றில் பார்வையாளர் பெற்ற மிகப் பெரிய பொறுப்பு இதுவே, அதைப் பெற்ற விதம் எவ்வளவு துயரமானதாயினும்.

2011 ஜூலை 21 அன்று விடியுமுன் 5.57 மணிக்கு அட்லாண்டிஸ் இறங்கியதோடு விண்ணோடங்களின் காலம் முடிந்தது. நான்காண்டுகளில் மற்றொரு காட்சி தொடங்கியது. 2015 டிசம்பர் 21 அன்று இரவு, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ராக்கெட்டின் முதற்கட்டம், புறப்பட்டுச் சுமார் பத்து நிமிடங்களில் கேப் கனவெரலுக்கே திரும்பிச் செங்குத்தாக நின்றது. புறப்பாட்டைக் காண வந்தவர்கள் அதே இடத்தில் நின்றபடி வருகையையும் கண்டார்கள். எங்கே, எப்போது என்ற பழைய இடர்ப்பாடு பத்து நிமிட இடைவெளிக்குள் மறைந்துவிட்டது. 2024 அக்டோபர் 13 அன்று டெக்சஸில் அதே நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் கீழ்க்கட்டத்தை ஏவுகோபுரத்தின் கரங்களே பற்றிப் பிடித்தபோதும் கடலோரத்தில் மக்கள் திரண்டிருந்தார்கள். ஆனால் இந்தக் கலங்களில் மனிதர் இல்லை.

மனிதரை ஏற்றிவரும் அந்நிறுவனத்தின் டிராகன் கலமோ பாராசூட்டில் கடலுக்கே திரும்பிவிட்டது. 2020 ஆகஸ்ட் 2 அன்று டக் ஹர்லி, பாப் பென்கன் இருவரும் மெக்சிகோ வளைகுடாவில் பென்சகோலா நகருக்கு அப்பால் இறங்கியபோது, உல்லாசப் படகுகள் பல கலத்தை நெருங்கிச் சூழ்ந்துகொண்டன. நச்சாவி கசியக்கூடிய கலத்தருகே அவை வந்தது மீட்புக் குழுவினருக்குக் கவலையளிக்க, பின்வந்த பயணங்களில் கடலோரக் காவற்படை பாதுகாப்பு வட்டம் அமைத்துப் படகுகளை விலக்கி நிறுத்தியது. 2025 முதல், கலத்தின் கழற்றிவிடப்படும் பின்பகுதி எரியாமல் நிலத்தில் விழுவதைத் தவிர்க்கும்பொருட்டு இறங்குமிடம் கலிபோர்னியாவின் பசிபிக் கடலோரத்துக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 15 அன்று இந்தியாவின் சுபான்ஷு சுக்லா உள்ளிட்ட நால்வர் சான் டியாகோவுக்கு அப்பால் பின்னிரவு இருளில் கடலில் இறங்கினார்கள். இந்தியாவில் அப்போது பிற்பகல், நாடெங்கும் மக்கள் அதைத் திரையில் கண்டார்கள்.