திருமணியில் பார்த்த நரம்பு

தொழுநோய்னா தோல் வியாதின்னு நினைச்சிட்டு இருக்கீங்களா? கையையும் காலையும் முடக்குறது தோல் இல்லைங்க, நரம்பு அழற்சி. அந்தக் கதையில நம்ம செங்கல்பட்டுக்குப் பெரிய பங்கு இருக்கு.

1947. திருமணியில இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு, தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் கூப்பிட்டு ஒருத்தர் வர்றார். பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யின் எலும்பு அறுவை மருத்துவர். (வெள்ளைக்காரர்தான், ஆனா பிறந்தது நம்ம கொல்லிமலையில.) விரல் மடங்கிப்போன ஒரு நோயாளிகிட்ட, "என் கையை அழுத்துங்க"ன்னு சொன்னார். அந்தப் பிடியில பிராண்டுக்குக் கை வலிச்சுது! அப்போ சதை அழுகல. முன்கைத் தசை நல்லாவே இருக்கு. சில நரம்புகள் மட்டும் செத்திருக்கு. ஏன் அது மட்டும்?

பிறகு அங்கே இறந்த ஒரு நோயாளியின் நரம்புகளை முழு நீளத்துக்கும் பிரிச்சுப் பார்த்தாங்க. முழங்கைக்குச் சற்று மேலே, கணுக்கால்கிட்ட, முழங்கால் பக்கத்துல வீக்கம். தசைக்குள்ள ஆழமா ஓடுற இடத்துல அதே நரம்பு சாதாரணமா இருந்தது. தோலை ஒட்டின இடங்கள் குளிர்ச்சியானவை. இந்தக் கிருமிக்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும்.

ஆனா கிருமி மட்டும் குற்றவாளி இல்ல. அதை எதிர்த்து நம்ம உடம்பு நடத்துற சண்டையிலதான் நரம்பு வீங்குது. சுத்தியிருக்கிற உறை இறுக்கமானது, விரிஞ்சு கொடுக்காது. உள்ளே நசுங்கி, ரத்தம் போகாம நரம்பு சாகுது. செத்த கிருமியைப் பார்த்தும் இந்தச் சண்டை வரும். அதனாலதான் மருந்து ஒழுங்கா சாப்பிட்டவங்களுக்கும் கை மடங்குது. "மாத்திரைதான் கெடுத்துச்சு"ன்னு நிறுத்திடுறாங்க. நிறுத்தாதீங்க, ப்ளீஸ்.

மாமல்லபுரத்துல கல் வேலை செய்ற ஒரு அண்ணன் என்கிட்ட வந்தார். சுண்டுவிரல் மரத்து நாலு மாசம். உளி பிடிச்சுப் பிடிச்சு வந்ததுன்னு நினைச்சு எண்ணெய் தேய்ச்சிட்டு இருந்தார். முழங்கை உள்பக்கம் தொட்டா, கயிறு மாதிரி தடிச்ச நரம்பு. முதுகுல உணர்ச்சியில்லாத ஒரு வெளிர் படை, அவர் பார்த்ததே இல்ல. கூட்டு மருந்தோட ப்ரெட்னிசோலோனும் ஆரம்பிச்சோம். உணர்ச்சி பெரும்பாலும் திரும்பிடுச்சு.

ஆறு மாசத்துக்குள்ள வந்தா ஸ்டீராய்டுக்கு நல்ல வாய்ப்பு. ரொம்பத் தாமதமானா, மடங்கின விரலை நிமிர்த்த பிராண்ட் வேலூர்ல வளர்த்தெடுத்த தசைநாண் மாற்று அறுவைதான் மிச்சம். விரல் நிமிரும், உணர்ச்சி வராது. கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசம்.