கல்லும் பூவும் ஒரே கயிற்றில்

பதிவு கொஞ்சம் நீளம். வரலாற்று வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தில் ஒருவர் "சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். 1991-ல் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்த குடும்பம். பெயர் வேண்டாம். அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள், பள்ளிக்கு வெளியே யாரோ அணுகுண்டு வெடி வைத்தார்கள். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் கிடந்தான். நான் தூக்கி உட்காரவைத்து, "பழசையெல்லாம் மறந்துடுப்பா" என்றேன். ஆறுதல் சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன்.

டீக்கடையில் உட்கார்ந்து அவர் சொன்னார்: "மறக்க முடியலை சார். எங்க அப்பம்மாதான் என்னைத் தேத்தினாங்க. தினம் ராத்திரி எங்க வீட்டுக் கிணறு, பனங்காய்ப் பணியாரம், நல்லூர்த் திருவிழான்னு ஆரம்பிப்பாங்க. குண்டு விழுந்த ராத்திரியையும் விடமாட்டாங்க. அப்புறம் படகு, மண்டபம் முகாம், அம்பத்தூர்ல எடுத்த வாடகை வீடு. அதோட கதை முடியும். நானும் தூங்கிடுவேன்."

வீட்டுக்கு வந்து இதைப் பற்றி வாசித்தேன். அந்தப் பாட்டி செய்ததற்குப் பின்னால் நூறு வருஷ வரலாறு இருக்கிறது.

முதல் உலகப் போரில் காயமே படாமல் நடுங்கியும் பேச்சிழந்தும் போன சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். "மறந்துவிடு, நல்லதை நினை" என்பதுதான் பலர் அவர்களுக்குச் சொன்ன மருந்து. இது தவறு என்று சொன்னவர் டாக்டர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். நமக்கும் அவர் அந்நியர் அல்ல. 1901-02-ல் நீலகிரியில் தங்கித் தோடர்களைப் பற்றி ஆராய்ந்து, 1906-ல் பெரிய நூல் எழுதியவர். போர்க்காலத்தில் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளுக்குச் சிகிச்சை தந்தார்.

அவரிடம் வந்த ஒரு அதிகாரி, குண்டில் சிதறிப்போன நண்பனின் உடலை நேரில் பார்த்தவர். இரவுதோறும் அதே கனவு. ரிவர்ஸ் அந்தக் காட்சியை மறக்கச் சொல்லவில்லை. "உங்கள் நண்பர் ஒரு கணமும் வலி தெரியாமல் போயிருக்கிறார்" என்பதை அந்தக் காட்சிக்குள்ளேயே காட்டினார். பிறகு வந்த கனவில் அந்த அதிகாரி நண்பனோடு பேசினார். விழித்தபோது இருந்தது துக்கம், திகில் இல்லை. ஆனால், ஆறுதலாகச் சொல்ல எதுவுமே இல்லாத நோயாளிகளும் உண்டு என்று ரிவர்ஸே ஒப்புக்கொண்டார். 1918-ல் இதையெல்லாம் 'லான்செட்' இதழில் எழுதினார்.

வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்த நோய்க்கு இன்றுள்ள பெயரைத் தந்தது. தமிழில் இதை 'மனவடு' என்கிறார்கள்.

அடுத்த அத்தியாயம் அந்த மாணவரின் சொந்த மண்ணிலேயே நடந்தது. போரும் 2004 சுனாமியும் தாக்கிய வடகிழக்கு இலங்கையில், ஜெர்மானிய உளவியலாளர்கள் உள்ளூர்க்காரர்களுக்கே ஆலோசகர் பயிற்சி தந்தார்கள். அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள் என்று வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

முறை இதுதான். தரையில் ஒரு கயிறு. அது பிள்ளையின் வாழ்க்கை. பிறந்ததிலிருந்து வரிசையாக, நல்ல நினைவுக்கு ஒரு பூ, கெட்ட நினைவுக்கு ஒரு கல். பிறகு கதையைச் சொல்லச் சொல்வார்கள். கல் வந்த இடத்தில் அவசரப்படாமல், எங்கே, எப்போது, என்ன சத்தம், உடம்பில் என்ன தோன்றியது என்று முழுதாகச் சொல்லவைத்து எழுதி, திரும்ப வாசித்துக் காட்டுவார்கள்.

காரணமும் எளிது. பயந்த நினைவுக்கு மனசுக்குள் தேதியும் இல்லை, இடமும் இல்லை. அதனால்தான் அம்பத்தூர் வெடி யாழ்ப்பாணத்துக் குண்டாகிறது. முன்னும் பின்னும் பூக்களோடு வரிசையில் வைத்தால், அது 'அன்று நடந்தது' ஆகிறது.

2008-ல் வெளியான ஆய்வில் 31 பிள்ளைகள். ஆளுக்கு ஆறு அமர்வு. ஆறு மாதம் கழித்து, கதை சொன்னவர்களில் 81 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தவர்களிலும் 71 சதவீதம் தேறினார்கள். சிறிய ஆய்வுதான், இது ஒன்றே வழி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று புரிந்தது. நல்ல நினைவு கெட்டதை மூடும் போர்வை அல்ல. கெட்டதைப் பார்க்கும்போது பக்கத்தில் நிற்கும் துணை. நான் அந்தப் பையனிடம் கயிற்றையே தூக்கி எறியச் சொல்லியிருக்கிறேன். அவன் அப்பம்மா அதை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "விடுங்க சார். அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்கங்கிறதைவிட, பெல் அடிக்கிறவரைக்கும் என் தோள்ல கை வெச்சிருந்தீங்களே, அதுதான் நெனப்பிருக்கு" என்றார்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மழை வலுத்தாலே செம்பரம்பாக்கம் ஏரி நிலவரத்தைப் பார்த்துக்கொண்டு ராத்திரி விழித்திருப்பவர்கள் பூந்தமல்லி, மாங்காடு பக்கம் நம் சொந்தத்திலேயே உண்டு. அவர்களிடம் "மறந்துடு" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொல்ல மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். தூக்கமும் வேலையும் கெட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

உங்களைத் தேற்றியவர் யார் என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.

அன்புடன்,
உங்கள் சார்