மால்டா காய்ச்சலும் ஆட்டுப்பாலும்

காய்ச்சல் என்றால் மலேரியாவா, டைபாய்டா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால்? "மர்மக் காய்ச்சல்" என்று பெயர் வைத்து விடுவார்கள். அப்படி ஒரு மர்மக் காய்ச்சலின் கதைதான் இது.

மத்தியதரைக் கடலில் இருக்கும் குட்டித் தீவு மால்டா. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படையின் முக்கியமான தளம். அங்கே போன சிப்பாய்களுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். வியர்த்துக் கொட்டும், மூட்டுகள் வலிக்கும், குணமாகிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் வரும். செத்தவர்கள் குறைவுதான். ஆனால் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் ஏராளம். சாக்கடை நாற்றம்தான் காரணம் என்று பலர் நம்பினார்கள்.

1887ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர், இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் இருந்து இதன் கிருமியைப் பிரித்தெடுத்தார். 1897ல் அல்ம்ராத் ரைட் ஒரு ரத்தப் பரிசோதனையைக் கொண்டு வந்தார். நோயாளியின் ரத்தத்தில் இருந்து எடுத்த சீரத்தில் கிருமியைக் கலந்தால், அது திட்டுத் திட்டாகச் சேர்ந்துகொள்ளும். சரி, கிருமியும் தெரியும், பரிசோதனையும் உண்டு. ஆனால் அது எங்கிருந்து வருகிறது?

1904ல் இதற்காகவே ஒரு கமிஷன் அமைத்தார்கள். தண்ணீரா, தூசியா, கொசுவா என்று தேடினார்கள். கமிஷனில் இருந்த மால்டா டாக்டர் தெமிஸ்டொக்லிஸ் சாமிட், 1905ல் ஆடுகளின் ரத்தத்தையும் சோதித்தார். நோயே இல்லாமல் கொழுகொழுவென்று இருந்த ஆடுகளின் ரத்தத்திலும் அதே திட்டு! பாலிலும் கிருமி! மால்டாவில் ஆடுகளைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து கொடுப்பது வழக்கம். அந்தப் பாலைக் காய்ச்சாமலே குடித்தார்கள். அதே ஆண்டு மால்டா ஆடுகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போன கப்பலிலும், பால் குடித்த மாலுமிகள் காய்ச்சலில் விழுந்தார்கள்.

1906ல் ராணுவத்தில் ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள். சிப்பாய்களுக்குக் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. ஆனால் ஊர் ஜனங்களுக்கு? ஆடுதான் பலருக்குப் பிழைப்பு, பால்தான் ஏழைகளின் உணவு. தடை போட முடியவில்லை. பாஸ்டரைஸ் செய்த பால் மால்டாவுக்கு வந்தது 1938ல்தான். காரணம் தெரிந்த பிறகும் 33 ஆண்டுகள்!

அமெரிக்காவில் ஆலிஸ் எவன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், மாடுகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமியும் இதுவும் நெருங்கிய உறவு என்று 1918ல் எழுதினார். டாக்டர் பட்டம் இல்லாத ஒரு பெண் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. 1922ல் அவருக்கே இந்த நோய் தொற்றியது. டாக்டர்கள் சொன்னது என்ன தெரியுமா? நரம்புத் தளர்ச்சி!

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. வட தான்சானியாவின் மோஷி நகரில் 2007-08ல் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 870 பேரை ஆராய்ந்தார்கள். 528 பேருக்கு மலேரியா என்று டாக்டர்கள் முடிவு செய்திருந்தார்கள். உண்மையில் மலேரியா இருந்தது 14 பேருக்குத்தான். எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், கியூ காய்ச்சல், புருசெல்லோசிஸ் (அதாவது நம் மால்டா காய்ச்சல்) எல்லாம் யாரும் சந்தேகப்படாமலே அங்கே இருந்தன.

ரத்தப் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் "வீட்டில் ஆடு மாடு உண்டா? பச்சைப்பால் குடித்தீர்களா?" என்று கேட்க ஒரு பைசா செலவில்லை. மால்டாவில் அந்தக் கேள்விக்கு வழி பிறக்கவே, கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் 18 ஆண்டுகள் ஆயின.