படத்தைப் பங்கு போட்ட கணினிகள்

குரோமியம் என்றால் இன்று எல்லோருக்கும் கூகுளின் பிரவுசர்தான் ஞாபகம் வரும். அது வருவதற்கு ஆறு வருடம் முன்பே, 2002-ல், அதே பெயரில் இன்னொரு மென்பொருள் இருந்தது. சாதாரண பிசிக்கள் பலவற்றை ஒன்றாகக் கட்டி, ஒரே பெரிய கிராபிக்ஸ் இயந்திரம் மாதிரி வேலை வாங்குகிற மென்பொருள். அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "சினிமாக்காரங்க இதை முன்னாடியே செஞ்சாங்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். 1995-ல் வந்த டாய் ஸ்டோரி படத்தை பிக்ஸார் 117 சன் கணினிகளில் ரெண்டர் செய்தது. டைட்டானிக் படத்துக்காக டிஜிட்டல் டொமைன் நிறுவனம் ஆல்ஃபா கணினிகளை வரிசையாக அடுக்கி, அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் லினக்ஸ் ஓட்டியது. ஆனால் அங்கே ஒவ்வொரு பிரேமும் தனி வேலை. ஒரு கணினி பக்கத்துக் கணினியிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஒரு பிரேமுக்குப் பல மணி நேரம் ஆனாலும் யாரும் திரைமுன் காத்திருக்கவில்லை.

ஒரு விஞ்ஞானி மவுஸை அசைக்க அசைக்கப் படம் திரும்ப வேண்டும் என்றால் கதையே வேறு. நொடிக்கு 30 படம் வேண்டும். ஒரு படத்துக்கு 33 மில்லி செகண்டுதான் கிடைக்கும். எல்லாக் கணினிகளும் சேர்ந்து அந்த ஒரே படத்தை வரைய வேண்டும்.

இதற்கு அவசரம் எங்கிருந்து வந்தது? 1992 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கா அணுகுண்டு வெடித்துச் சோதிப்பதை நிறுத்தியது. இருக்கிற குண்டுகளின் நிலையைக் கணினிக் கணக்கு மூலமாகவே தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம். அதற்காகத் தொடங்கிய ஆஸ்கி திட்டத்தின் சூப்பர் கம்ப்யூட்டர்கள் எண்களை மலைமலையாகக் கொட்டின. படமாக்கிப் பார்க்காவிட்டால் அவை வெறும் எண்கள்தான். பார்ப்பதற்கு அப்போது இருந்த வழி சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் பீரோ அளவு இயந்திரங்கள். விலை லட்சக்கணக்கான டாலர்.

மறுபக்கம், 1994-ல் நாசாவில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண கணினிகளை ஈதர்நெட்டில் இணைத்து பேவுல்ஃப் கிளஸ்டரைக் கட்டிக் காட்டியிருந்தார்கள். 90-களின் கடைசியில் வீடியோ கேம் விளையாடும் பையன்களுக்காக மலிவான கிராபிக்ஸ் கார்டுகள் வந்தன. இரண்டையும் சேர்த்தால் என்ன?

சேர்க்கலாம். வேலையை எப்படிப் பிரிப்பது என்பதுதான் சிக்கல். 1994-ல் மோல்னார், காக்ஸ், எல்ஸ்வொர்த், ஃபுக்ஸ் என்ற நால்வர் இதற்கு மூன்று வழி உண்டு என்று வகைப்படுத்தினார்கள். கல்யாணப் பந்தியை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

முதல் வழியில், ஆளுக்கு ஒரு வரிசை இலை. திரையைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு கணினி. ஆனால் கூட்டம் முழுக்க ஒரே வரிசையில் உட்கார்ந்துவிட்டால் ஒருத்தர் திணறுவார், மற்றவர்கள் சும்மா நிற்பார்கள். கடைசி வழியில், ஆளுக்கு ஒரு பதார்த்தம். தரவைப் பங்கு போட்டு, ஒவ்வொரு கணினியும் தன் பங்கை மட்டும் வரையும். பிறகு எது முன்னால் எது பின்னால் என்று பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டு ஒரே படமாக்க வேண்டும். வேலை சமமாகப் பிரியும், ஆனால் போக்குவரத்து தாங்காது. கணக்குப் போட்டுப் பாருங்க: 1024-க்கு 768 திரை, ஒரு பிக்சலுக்கு நிறம் 3 பைட், ஆழம் 3 பைட். நொடிக்கு 30 படம் என்றால் ஒவ்வொரு கணினியும் அனுப்ப வேண்டியது 140 மெகாபைட்டுக்கு மேல். அன்றைய 100 மெகாபிட் ஈதர்நெட்டில் போகக்கூடியது அதிகபட்சம் 12.5 மெகாபைட்!

நடு வழி, வடிவக் கணக்கு முடிந்ததும் பிக்சல் நிரப்பும் முன் பிரிப்பது. சிலிக்கான் கிராபிக்ஸ் தன் பெட்டிக்குள் அதைத்தான் செய்தது. கடையில் வாங்கிய கார்டில் அந்த நடு இடத்தில் கை வைக்க வழியே கிடையாது.

ஸ்டான்ஃபோர்டில் கிரெக் ஹம்ஃப்ரீஸ், பாட் ஹன்ரஹான் குழுவினர் 2001-ல் வெளியிட்ட வயர்ஜிஎல் ஒரு சாமர்த்தியமான வேலை செய்தது. ஓபன்ஜிஎல் நூலகம் இருக்க வேண்டிய இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொண்டது. வரையச் சொல்லும் கட்டளைகளை இடைமறித்து, எந்தப் பொருள் திரையின் எந்தத் துண்டில் விழும் என்று பார்த்து, அந்தந்தக் கணினிக்கு மட்டும் அனுப்பியது. மூல நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். அடுத்த ஆண்டு வந்த குரோமியம், மற்ற வழிகளுக்கும் ஏற்றபடி கட்டளை ஓட்டத்தை வழியிலேயே மாற்றவும் திருப்பவும் இடம் கொடுத்தது. அதே காலத்தில் பிரின்ஸ்டனில் காய் லீ குழுவினர் 24 புரொஜெக்டர்களை இணைத்து, சுமார் 1.88 கோடி பிக்சல் கொண்ட ஒரு சுவரையே திரையாக்கினார்கள்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 32 பிசி சேர்ந்து செய்த வேலையைச் சில வருடங்களில் ஒரே கார்டு செய்தது. சிலிக்கான் கிராபிக்ஸ் 2006-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. மவுண்டன் வியூவில் இருந்த அதன் பழைய வளாகம்தான் இன்று கூகுளின் தலைமையகம். இரண்டாவது குரோமியத்தை வெளியிட்டது அந்தக் கூகுள்தான் என்பது ஒரு வேடிக்கை.

முதல் குரோமியம் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளுக்குள் முப்பரிமாணப் படம் வரையும் பகுதியாகப் பல வருடம் அமைதியாக உழைத்தது. வயர்ஜிஎல் குழுவில் இருந்த இயன் பக், கிராபிக்ஸ் கார்டில் பொதுவான கணக்குகளை ஓட்டும் புரூக் மொழியை உருவாக்கி, பின்னர் என்விடியாவில் கூடா உருவாகக் காரணமானார். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கிளஸ்டர்கள் பெரும்பாலும் அதன் மேல்தான் ஓடுகின்றன.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. கணக்குப் போடும் வேகம் வருடா வருடம் ஏறியது. தரவை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துவது எப்போதும் பின்தங்கியே இருந்தது. அதனால்தான் இப்போது பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களில், கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் அதே இடத்திலேயே படத்தையும் வரைந்துவிடுகிறார்கள். எண்களை வெளியே கொண்டுபோவதைவிடப் படத்தை அனுப்புவது மலிவு. ஆனால் எதைப் படமாக்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். படமாக்காத எண்கள் பெரும்பாலும் சேமிக்கப்படுவதில்லை. மவுஸை அசைத்து, எதிர்பாராத ஒரு மூலையை எட்டிப்பார்க்கும் வசதி அங்கே குறைகிறது. வயர்ஜிஎல் காலத்தில் இத்தனை பேர் பாடுபட்டது அந்த வசதிக்காகத்தான்.