முதலாளியிடம் போன எல்லைக் காவல்

அமெரிக்காவில் வேலைக்குச் சேரும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் நிரப்பப்படும் 'ஐ-9' படிவத்தின் வரலாறு நீண்டதன்று. குடியேறிகளுக்கென வந்த இப்படிவத்திலிருந்து குடிமக்களுக்கும் விலக்கில்லை.

1952ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதியின்றி வந்தவருக்குப் புகலிடம் கொடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால், வேலை கொடுப்பது புகலிடம் கொடுப்பதாகாது என்றது. ரெக்சாஸ் பண்ணையாளர்களுக்காக விடப்பட்ட ஓட்டை அது. பிடிபட்டவன் தொழிலாளி, தப்பியவர் முதலாளி.

1986 நவம்பர் 6இல் ஜனாதிபதி றேகன் ஒப்பமிட்ட சட்டம் அதனை அடைத்தது. ஆவணங்களைப் பரிசோதிக்கும் பொறுப்பு முதலாளியிடம் வந்தது. ஆவணம் பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினாற் போதும். வில்லங்கமே இங்குதான். போலி அட்டைகள் பெருகின. தண்டத்துக்கு அஞ்சிய முதலாளிமாரோ அந்நிய முகத்தையும் உச்சரிப்பையும் கண்டு ஒதுங்கினர். சட்டத்தின் விளைவாக 19 சதவீத முதலாளிமார் பாரபட்சமாக நடக்கத் தொடங்கியதாக, 1990இல் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகமே மதிப்பிட்டது.

அதே ஆண்டில் தேவைக்கு மேல் ஆவணம் கேட்பதும் தடைசெய்யப்பட்டது. பட்டியலிலிருந்து எதைக் காட்டுவதென்பது ஊழியரின் தெரிவு. 'கிறீன் கார்ட்டையே கொண்டு வா' என முதலாளி அடம்பிடிக்க முடியாது. நம்மவரிற் பலர் இதை அறியாமலே கேட்டதையெல்லாம் நீட்டுகின்றனர்.

1996இல் காங்கிரஸ் இந்தப் பிடியையும் தளர்த்தியது. பாரபட்ச நோக்கம் இருந்தாலே குற்றம் என்றாயிற்று. அந்நோக்கத்தை நிரூபிக்கும் சுமை, முறையிடுபவர் பக்கம் விழுந்தது.