மாசி, சோழி, மாலத்தீவு: ஒரு பவளப்பாறையின் கணக்கு

எங்க பாட்டி வீட்டு அடுப்படியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் எப்பவும் மாசி இருக்கும். மரக்கட்டை மாதிரி கெட்டியான மீன். அதை அம்மியில் தட்டிப் போட்டு சம்பல் அரைப்பாங்க. இது எங்கிருந்து வருதுன்னு அப்போ கேட்கத் தோணலை. சமீபத்தில் மாலத்தீவு பற்றிப் படிக்கும்போதுதான், அவர்களுடைய திவெஹி மொழியில் மீனுக்கே 'மஸ்' என்றுதான் பெயர் என்று தெரிந்தது. அங்கிருந்து ஆரம்பித்த தேடல் இது.

மாலத்தீவில் சுமார் 1,190 பவளத் தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலம் 300 சதுர கிலோமீட்டருக்குள்தான், அதாவது நம்ம சென்னை மாநகராட்சியைவிடக் குறைவு. கடல் மட்டத்திலிருந்து சராசரி உயரம் ஒன்றரை மீட்டர். தென்னை உண்டு, மீன் உண்டு, நெல் விளையாது. சோறு வேண்டுமானால் எதையாவது வெளியே விற்றாக வேண்டும். அந்த நாட்டின் சரித்திரத்தை இந்த ஒரு வரியிலிருந்தே படிக்கலாம்.

முதல் சரக்கு சோழி. கடலில் உள்ள பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாக ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி சொல்கிறது. அது மாலத்தீவுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. மணல் திட்டுகளுக்கு எதற்குக் கப்பற்படை? அரபுக் கடல்வழியும் சோழி வியாபாரமும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 1343-இல் அங்கே போய் காஜியாக வேலை பார்த்த இபின் பதூதா, சோழியை வங்காளத்தாருக்குக் கொடுத்து அரிசி வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். பின்னாளில் டச்சு, ஆங்கிலேயக் கப்பல்கள் இதே சோழியை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் அடிமைகளை வாங்கின. 19-ஆம் நூற்றாண்டில் சான்சிபார் பக்கத்துச் சோழி கப்பல் கப்பலாக வந்து இறங்க, அந்தக் காசின் மதிப்பு சரிந்தது.

இரண்டாவது சரக்கு நம்ம மாசி. சூரை மீனை வெட்டி, அவித்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்தால் மாசி. ஐஸ் இல்லாத காலத்தில் மாதக்கணக்கில் கெடாது. இதற்குப் பெரிய சந்தை கொழும்பு. 1970-களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து, மாசி இறக்குமதி சுருங்கியது. அதே சமயத்தில், 1972-இல், குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தது. மூன்றாவது சரக்கு வந்துவிட்டது: கடலைப் பார்க்கும் சுகம்.

ஆனால் மீன்பிடிப்பு நிற்கவில்லை. முறையும் பெரிதாக மாறவில்லை. முதலில் பவளப்பாறை ஓரத்தில் பொடி மீன்களை வலையில் பிடித்து, படகுக்குள்ளேயே கடல்நீர் வந்துபோகும் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்வார்கள். ஆழ்கடலில் சூரைக் கூட்டம் தெரிந்ததும் பொடி மீனை அள்ளி வீசுவார்கள். கூடவே தண்ணீரைத் தெளிப்பார்கள், மேலே மீன் துள்ளுகிற மாதிரி. சூரை வெறியோடு மேலே வரும். படகின் பின்பக்கம் வரிசையாக நிற்பவர்கள் கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தலைக்கு மேல் வீசுவார்கள். தூண்டிலில் எதிர்முள் கிடையாது. மீன் தானே கழன்று விழும். டால்பினும் ஆமையும் இதில் மாட்டுவது அபூர்வம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. சூரை ஆழ்கடல் மீன். ஆனால் அதைப் பிடிக்கத் தேவையான பொடி மீன் பவளப்பாறையை ஒட்டித்தான் கிடைக்கும். ரிசார்ட்டுக்கு வருகிறவர்களும் அதே பவளத்தையும் அதே மீன் கூட்டத்தையும் பார்க்கத்தான் முங்குகிறார்கள். சோழி கிடைத்ததும் அதே ஆழமில்லாத கடலில்தான். தீவின் மணலே பவளம் உடைந்து வந்ததுதான். 1998-இல் கடல் சூடேறியபோது ஆழமில்லாத இடங்களில் பவளம் பெருமளவு வெளுத்துச் செத்தது. 2016-இல் மறுபடியும் வெளுத்தது.

சோழிச் சந்தை போனபோது மாசி இருந்தது. மாசிச் சந்தை விழுந்தபோது ரிசார்ட் வந்தது. சரக்கு மாறினாலும் கிடங்கு ஒன்றுதான். அந்தப் பவளப்பாறை போனால் விற்பதற்கு நாலாவது சரக்கு எது என்று எனக்குத் தெரியலை.

போன வாரம் கடையில் ஒரு கட்டை மாசி வாங்கினேன். பாட்டி செய்த மாதிரி சம்பல் வரலை. ஆனா அம்மியில் தட்டும்போது கம்புத் தூண்டிலோடு வரிசையாக நிற்கிற ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தாங்க.